நாய் உசரத்துக்கு இறங்கிய நால்வர்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் கீழச்சுண்டைக்குளத்தில் மட்டும் போர்டு மாட்டிக் கடை நடத்துகிறார்கள். வெளியூர்க்காரன் இப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவோம். நான் உள்ளூர்க்காரன், சொல்லலாம். அதுவும் போக, இந்தக் கதையில் வரப்போகிற குழியை வெட்டக் கடப்பாரை கொடுத்ததே எங்கள் வீட்டிலிருந்துதான். கேட்டதும் எதற்கு என்றுகூட விசாரிக்காமல் எடுத்துக் கொடுத்தோம்.

கடையின் பெயர் 'நால்வர் பந்தல் அமைப்பகம்'. பந்தல் கால், தகரம், முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி அண்டா, மைக் செட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு கூட்டாளிகள். மூத்தவர் கோமதிநாயகம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டார்கள். அடுத்தவர் செண்பகராமன், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கடையில் எழுத்து வேலை எல்லாம் அவருடையது. மூன்றாமவர் தளவாய். எந்த விவாதத்திலும் இரண்டு பக்கத்துக்கும் 'ஆமா' சொல்லுவார், ஆகவே அவரோடு யாருக்கும் பகையில்லை. நான்காவது ஆள் ஆவுடையப்பன், கயிறு கட்டுகிறவன். இது அவன் கதை.

ஆவுடையப்பனுக்கு நாற்பத்திரண்டு வயது, ஐந்தடி உயரம். அவன் கட்டிய முடிச்சு புயலிலும் அவிழாது. ஆனால் அவன் பேச்சை ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடையில் அவன் 'அண்ணாச்சி' என்று ஆரம்பிக்கும்போதே மூன்று பேரும் வேறு விஷயம் பேசத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி முத்தரசி கூப்பிட்டால் இவன் போவான். இவன் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்ப்பார். தன்னைப் பற்றி அவனுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நான் கூப்பிட்டா வாற ஒரே ஜீவன் கொசுதான்" என்பான். "அதுவும் கூப்பிடாமலே வருது."

அந்த வருஷம் பங்குனியில் கிடங்கிலிருந்து அண்டா மூடி ஒன்று காணாமல் போயிற்று. அண்டாவை விட்டுவிட்டு மூடியை மட்டும் எடுத்துப் போன திருடன் யார் என்று மூன்று நாள் யோசித்தார்கள். நம்மைவிட மடையன் ஒருத்தன் ஊரில் இருக்கிறான் என்று கோமதிநாயகம் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். பிறகு காவலுக்கு நாய் வளர்ப்பதென்று முடிவாயிற்று.

ரேஷன் கடை வாசலில் கிடந்த ஒரு செவலை நாட்டுநாயைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் நாய் பாய்ந்துபோய், அடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்துகொண்டது. அதற்குப் பிறகு, இந்த நால்வரில் யாராவது பக்கத்தில் போனால் பல்லைக் காட்டி உறுமியது. வழியோடு போகிற அந்நியர்களைப் பார்த்து மட்டும் வாலை ஆட்டியது.

பெயர் வைப்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். யார் மனமும் நோகக் கூடாதென்று நான்கையும் சேர்த்து 'ராஜாமணிசிங்கம்டைகர்' என்று வைத்தார்கள். கூப்பிட்டு முடிப்பதற்குள் நாய் அடுத்த தெருவில் இருக்கும்.

இரண்டு வாரம் ஆகியும் நாய் பழகவில்லை. கோமதிநாயகம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கல்குவாரிக்காரர் ஒரு நாய் கேட்டாரு. அவருட்ட இரும்புச் சங்கிலி இருக்கு. வார ஞாயித்துக்கெழம டிராக்டர்ல வந்து தூக்கிட்டுப் போயிருவாரு."

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தலின் இரும்புக் கால்கள் கீழே விழும் சத்தத்துக்கு அந்த நாய் உடம்பைக் குறுக்குவதை அவன் கவனித்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனும் அப்படித்தான் குறுகுவான். இப்போதும்கூட, யாரும் பார்க்காவிட்டால், குறுகுவான். கடையில் அவனுக்குக் கீழே ஒரு உயிர் வந்திருக்கிறது, அதுவும் பழகாமலே போய்விடுமோ என்று இருந்தது.

"அண்ணாச்சி, மாட்டாஸ்பத்திரியில ஒரு தடவ கேட்டுப் பாப்பமே" என்றான்.

அன்று வேறு விஷயம் எதுவும் யாருக்கும் தோன்றாததால், அவன் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை நால்வரும் வேட்டி மாற்றிக்கொண்டு போனார்கள். கால்நடை மருத்துவமனையில் ஆட்டோடும் மாட்டோடும் வந்தவர்களுக்கு நடுவே, கையில் ஒன்றும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நாய் எங்கே?"

"நாய்க்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்றார் கோமதிநாயகம். "அது நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் அதைப் புரியல. அதான் நாங்க வந்திருக்கோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டினார். பாவம், அவருக்கு இவர்களைத் தெரியாது.

நாய் பயந்திருக்கிறது, கெட்ட நாய் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். "நீங்க நாலு பேரும் அதுக்கு முன்னாடி மலை மாதிரி நிப்பீங்க. அது பயப்படாதா? அதோட உயரத்துக்கு நீங்க இறங்கணும். கண்ணுக்குக் கண்ணு முறைச்சுப் பாக்காதீங்க, வேற எங்கயாவது பாருங்க. நாய் வாலாலதான் பேசும், அதைக் கவனிங்க. ஏதாவது நல்லது செஞ்சா அந்த நிமிஷமே ஒரு பாராட்டு, ஒரு சின்னப் பரிசு. முக்கியமா, நீங்க தேடிப் போகாதீங்க. அதுவா வரணும். வர்ற வரைக்கும் காத்திருங்க. ஆமா, நாய் பேரென்ன?"

நால்வரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி முடித்தார்கள்.

"இவ்வளவு நீளமா? சின்னதா வைங்க."

செண்பகராமன் ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் முதல் காரியமாக நாய்க்குச் 'சின்னதா' என்று பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா சொன்ன பெயர் என்பதால் விவாதம் எழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நால்வரும் கிடங்கு முற்றத்தில் கூடினார்கள். செண்பகராமன் வாசித்தார்: "அதோட உயரத்துக்கு நீங்க இறங்கணும்."

"உக்காந்தாப் போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரணும்னா உக்காருங்கன்னு சொல்லியிருப்பாங்கல்லா? படிச்சவங்க. இறங்கணும்னு சொல்லியிருக்காங்க. இறங்கணும்னா எதுல வே இறங்குவாங்க?"

"கிணத்துல" என்றார் செண்பகராமன்.

"நமக்குக் கிணறு இல்ல. அப்பம் குழியிலதான்."

"ஆமா" என்றார் தளவாய்.

நாயின் உயரம் தெரிய வேண்டியிருந்தது. பெஞ்சுக்கு அடியில் நிற்கும்போது அதன் காது பலகையைத் தொட்டது. பெஞ்சை அளந்தார்கள், ஒன்றே முக்கால் அடி. கோமதிநாயகத்தின் உயரம் ஐந்தே முக்கால். கழித்துப் பார்த்தால் நாலடிக் குழி. அப்போதுதான் எங்கள் வீட்டுக் கடப்பாரை போனது.

பந்தல் கால் நட்டே பழகியவர்கள், ஆகையால் மத்தியானத்துக்குள் வெட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான குழி. இறங்கி நின்றபோதுதான் ஒரு குறை தெரிந்தது. மற்ற மூவரின் தலையும் தரைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி நின்றது, ஆவுடையப்பனுடையது ஓரடிதான். நாயைவிடத் தாழ்ந்து போவது மரியாதை இல்லை என்று அவன் காலடியில் மூன்று செங்கல் அடுக்கினார்கள். எல்லோரும் சமமானதும் நாயை எதிர்பார்த்து நின்றார்கள்.

சின்னதா பெஞ்சுக்கு அடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து நான்கு தலைகள் முளைத்திருப்பதை அது அதற்கு முன் கண்டதில்லை. மெல்ல வெளியே வந்தது. பத்தடி தள்ளி நின்று காற்றை மோந்தது. உறுமவில்லை. ஆவுடையப்பன் செங்கல்மேல் அசையாமல் நின்றான்.

அந்த நேரம் பார்த்து வளைகாப்புக்குப் பந்தல் சொல்ல மேலத்தெரு நமச்சிவாயம் வந்தார். நாய் மறுபடி உள்ளே ஓடிவிட்டது. நமச்சிவாயம் குழி ஓரத்தில் குனிந்து நின்றார்.

"என்ன வே, நாலு பேரும் எறங்கி நிக்கிய?"

"நாயோட பழகுதோம்" என்றார் கோமதிநாயகம். "என்னைக்கு விசேஷம்?"

"வெள்ளிக்கெழம. இருபதுக்கு நாப்பது பந்தல், நூறு சேர்."

"போட்டிருவோம்."

நமச்சிவாயம் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான், ஏணி மேலே கிடப்பது அவர்கள் ஞாபகத்துக்கு வந்தது. வாடிக்கையாளரிடம் கை நீட்டித் தூக்கிவிடச் சொல்வது தொழிலுக்கு அழகில்லை என்று கோமதிநாயகம் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டு, முத்தரசி சாப்பாடு கொண்டு வரும் வரைக்கும் உள்ளேயே நின்றார்கள்.

முத்தரசி தூக்குச்சட்டியோடு வந்து குழியைப் பார்த்தாள். ஏணியை எடுத்து உள்ளே விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. திரும்பிப் போகும்போது பெஞ்சுப் பக்கம் ஒரு உருண்டை சோற்றை வைத்துவிட்டு, நாயைப் பார்க்காமலேயே நடந்தாள். தினமும் அப்படித்தான் செய்வாள். அதை யாரும் கவனித்ததில்லை. டாக்டரம்மா சொன்னதில் அது இல்லையே.

புதன்கிழமை வால். செண்பகராமன் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். 'ஒன்பது பத்து, வலது. ஒன்பது பதினொன்று, இடது. ஒன்பது பன்னிரண்டு, வால் தெரியவில்லை, நாய் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.' இரண்டு மணி நேரம் எழுதியும் அர்த்தம் பிடிபடவில்லை.

"பேசும்னுதான சொன்னாங்க" என்றார் கோமதிநாயகம். "நீரு பாத்துக்கிட்டே இருந்தா எப்படி வே? காதைக் குடுத்துக் கேளும்."

நாய் தூங்கும் சமயம் பார்த்துச் செண்பகராமன் பெஞ்சுக்குப் பின்புறமாக ஊர்ந்து போய், வாலுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். வால் ஒரு சுழற்று சுழற்றி அவர் கன்னத்தில் அறைந்தது.

"என்ன சொல்லிச்சு?"

"கையத்தான் நீட்டுது. பேச்சுக் கொறவு."

அடுத்தது முறைத்துப் பார்க்காமல் சோறு வைப்பது. அது ஆவுடையப்பன் பொறுப்பில் வந்தது. கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, வேறு எங்காவது பார்க்க வேண்டும். அவன் தட்டை இரண்டு கையிலும் ஏந்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒரு பருந்து வட்டமிட்டது. அதன் அழகில் லயித்துப் போய், நேற்று வெட்டிய குழியில் தட்டோடு விழுந்தான்.

சோறும் கருவாடும் தலையில் வழிய, உள்ளே உட்கார்ந்து தன் அறிவை நினைத்துச் சிரித்தான். "நாலடிக் குழி. நாந்தான் வெட்டுனேன். நானே அளந்தேன்." சிரித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஏதோ அசைந்தது. குழி விளிம்பில் சின்னதாவின் மூஞ்சி. அவன் சட்டென்று மண்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாய் கழுத்தை நீட்டி, அவன் தலையிலிருந்த கருவாட்டை மெதுவாக எடுத்துக்கொண்டு போயிற்று. சூடான மூச்சு உச்சந்தலையில் பட்டதை அவன் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரிடமும் சொன்னான். அவர்கள் வேறு விஷயம் பேசினார்கள்.

விபரீதம் வியாழக்கிழமை நடந்தது. காலையில் தபால்காரர் வந்தார். நாய் குரைக்கவில்லை.

"இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் செண்பகராமன்.

"தபால்காரரைக் குரைக்காம விட்டது நல்லதுதான்" என்றார் கோமதிநாயகம். "நல்லது செஞ்சா என்ன போட்டிருக்கு?"

"அந்த நிமிஷமே பாராட்டு. பரிசு."

பாராட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நால்வருக்கும் உடம்பில் ஒரு வேகம் வந்தது. தொழில் அதுதானே. எத்தனை பேருக்குப் பாராட்டு விழா போட்டிருக்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் முற்றத்தில் சின்னப் பந்தல் எழுந்தது. ஐம்பது நாற்காலி வரிசையாக வந்தது. பழைய பேனரின் பின்பக்கத்தில் செண்பகராமன் 'பண்பாளர் சின்னதா அவர்களுக்குப் பாராட்டு' என்று எழுதினார். பரிசு, எவர்சில்வர் டம்ளர். கோமதிநாயகம் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, மைக் வேண்டாம்" என்றான் ஆவுடையப்பன். "அது சத்தத்துக்குப் பயப்படும்."

"மைக் இல்லாம பாராட்டினா யாருக்கு வே கேக்கும்?"

"ஆமா" என்றார் தளவாய். ஆவுடையப்பனைப் பார்த்தும் ஒரு 'ஆமா' சொல்லிவிட்டு, மைக்கைப் போட்டார்.

'ஹலோ' என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது. பிறகு ஒலிபெருக்கி கீயென்று கத்தியது. சின்னதா பெஞ்சுக்கு அடியிலிருந்து கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை. பின்வேலி ஓட்டையில் கொஞ்சம் செவலை மயிர் ஒட்டியிருந்ததை மட்டும் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினான். கோமதிநாயகம் அவன் சட்டையைப் பிடித்தார். செண்பகராமன் கல்யாணப் பத்திரிகையை விரித்து நீட்டினார். 'தேடிப் போகாதீங்க. அதுவா வரணும். வர்ற வரைக்கும் காத்திருங்க.'

தூக்கிய காலை ஆவுடையப்பன் கீழே இறக்கினான்.

காத்திருந்தார்கள். விழாவுக்குப் போட்ட நாற்காலிகளிலேயே முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை. போனால் காத்திருந்ததாக ஆகாதே. வெள்ளிக்கிழமை காலை நமச்சிவாயம் வந்து, வளைகாப்புப் பந்தல் எங்கே என்று கேட்டார். நாய் வந்ததும் வருகிறோம் என்றார்கள். அவர் ஆளைக் கூட்டிவந்து கால்களையும் தகரத்தையும் தாமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கேட்டார். எழுந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மத்தியானம் முத்தரசி வந்தாள். "என்னங்க, நாய் நம்ம வீட்டுலல்லா இருக்கு. நேத்தே வந்துட்டு. உங்க பழைய பனியன எடுத்துப் போட்டு, அதுமேல படுத்துக் கெடக்கு. வீட்டுக்கு வாங்க."

ஆவுடையப்பன் எழுந்துவிட்டான். கோமதிநாயகம் கையமர்த்தினார்.

"போனா, நாம தேடிப் போனதா ஆயிரும்."

"அது எங்க வீடு அண்ணாச்சி. நான் தேடிப் போகல. வீட்டுக்குப் போறேன்."

"நாய் இருக்குன்னு தெரிஞ்சு போறீரா, தெரியாம போறீரா?"

ஆவுடையப்பன் யோசித்தான். அவனுடைய துரதிர்ஷ்டம், பொய் சொல்ல வராது. "தெரிஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

முத்தரசி நால்வரையும் வரிசையாகப் பார்த்தாள். சனிக்கிழமை காலை நாயையே கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சின்னதா அவள் சேலைக்குப் பின்னால் நின்று, ஆவுடையப்பனைப் பார்த்து வாலின் நுனியை மட்டும் ஆட்டியது. அவன் கண் நிறைந்து போயிற்று.

"வந்துட்டு" என்றான்.

"அதுவா வந்துதா, கூட்டியாந்ததா?" என்றார் கோமதிநாயகம்.

செண்பகராமன் பத்திரிகையைப் பார்த்தார். "'அதுவா வரணும்'னு இருக்கு. கயித்தைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"கயிறு இருந்தா அதுவா வந்ததா ஆகாது. ஏ தாயி, கோவிச்சுக்காத. திருப்பிக் கொண்டு போயி விட்டுட்டு, அதுவா வரச் சொல்லு."

முத்தரசி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதிய?"

ஆவுடையப்பன் நாயைப் பார்த்தான். ஞாபகம் வந்து பார்வையை விலக்கி, ஆகாயத்தைப் பார்த்தான். "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவள் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது நாய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. அவன் பார்க்கவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். ஆகாயத்தைப் பார்த்தபடி, கடைக்கண்ணால் அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் டிராக்டர் வரும். வெயில் ஏறிய நேரம், மற்ற மூவரும் சுவர் நிழலில் வாயைப் பிளந்து தூங்கினார்கள். ஆவுடையப்பனுக்கு மேலே இருக்கப் பிடிக்கவில்லை. ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கினான். அடிமண் குளிர்ந்திருந்தது. 'நாய்கிட்ட மரியாதை வாங்க மூணு செங்கல் மேல நின்னவன் நான்' என்று எண்ணிச் செங்கல்லைத் தலைக்கு வைத்துக்கொண்டான். நாய் வராது. வந்தாலும் குவாரிக்காரர் கொண்டு போய்விடுவார். இனி அதைப் பழக்குவதற்கு ஒன்றும் இல்லை, பார்க்காமலிருக்கவும் ஒன்றும் இல்லை. மூன்று நாள் அசதியில் தூங்கிப் போனான்.

முத்தரசி நாயின் கயிற்றை நேற்றே அவிழ்த்துவிட்டிருந்தாள். பனியனிலிருந்த வாசம் ஆறிப்போயிற்றோ, அல்லது அந்த வாசம் எங்கே இருந்து வந்தது என்று தேடியதோ, தெரியாது. சின்னதா தெருவைத் தாண்டி, வேலி ஓட்டையில் நுழைந்து, குழி விளிம்பில் நின்றது. கீழே ஒரு மனிதன் அசையாமல், முறைக்காமல், சத்தமில்லாமல் கிடந்தான். மண்ணோ குளிர்ச்சியாக இருந்தது. வெயிலில் நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று ஆவுடையப்பன் விழுந்ததில் மண் சரிந்திருந்த மூலையில் கால் ஊன்றி உள்ளே குதித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் விலாவில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

அவன் விழித்தபோது விலாப் பக்கம் வெதுவெதுப்பாக ஏதோ ஏறி இறங்கியது. பார்த்தான். பார்க்கக் கூடாதே என்று மண்சுவரைப் பார்த்தான். மூக்கில் மண் போயிருந்தது, தும்மல் வந்தது. அடக்கினான். இடது கால் மரத்துப் போயிற்று. அசைக்கவில்லை. நாய் தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, மோவாயை அவன் கைமேல் வைத்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவனிடம் ஒருவரும் கூப்பிடாமல் வந்து சாய்ந்ததில்லை. தும்மலும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்தன. எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கினான்.

டிராக்டர் சத்தம் கேட்டு மூவரும் எழுந்தார்கள். ஆவுடையப்பனைக் காணாமல் தேடி, குழியை எட்டிப் பார்த்தார்கள்.

"அதுவா வந்திருக்கு" என்றார் செண்பகராமன். "கயிறு இல்ல."

"உசரமும் சமமா இருக்கு" என்றார் கோமதிநாயகம். "ரெண்டும் படுத்திருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்லா, குழிதான்னு."

"ஆமா" என்றார் தளவாய்.

குவாரிக்காரர் சங்கிலியோடு வந்து குனிந்து பார்த்தார். செங்கல்லில் தலைவைத்துச் சுவரை வெறித்துக் கண்ணீர் விடும் ஒருவனும், அவன் கையில் மோவாய் வைத்த நாயும்.

"இதுல எதை வே நான் கூட்டிட்டுப் போகணும்?"

"ரெண்டும் கெடையாது" என்றார் கோமதிநாயகம். குவாரிக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆவுடையப்பனைத் தூக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவன் இடது காலுக்கு உணர்வு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நாய் தானாகவே ஏறி, அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பேர் கிடைத்திருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை, நாயையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் நன்றி சொல்லப் போனார்கள். நாய் ஆவுடையப்பனை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல் என்றார்கள். அவர் இன்னும் சந்தோஷப்பட்டார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒன்று போட்டார். வெளியே அடுத்த மாடு கத்திக்கொண்டிருந்தது. சீட்டில் எழுதிக்கொண்டே அவசரமாகச் சொன்னார்: "ஒரு வாரத்துக்குக் குளிக்கக் கூடாது. தண்ணியே மேல படக் கூடாது. கவனம்."

செண்பகராமன் எழுதிக்கொண்டார்.

சித்திரை வெயில். நால்வருக்கும் அந்த வாரம் நாலு கல்யாணம். பந்தல் கால் தூக்கினார்கள், அண்டா சுமந்தார்கள், தகரம் ஏற்றினார்கள். வழிகிற வேர்வையைத் துடைத்துக்கொண்டார்களே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே விடவில்லை. மூன்றாம் நாள், கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போட்டது போதும், பந்திக்கு இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நான்காம் நாள் முத்தரசி தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கோபத்தில் இல்லை, மூச்சு விடத்தான்.

சின்னதா தினமும் உச்சிவெயிலில் வாய்க்காலில் முங்கிக் குளித்து, உதறிக்கொண்டு, பளபளவென்று வந்தது. ஆறாம் நாள் மத்தியானம் அப்படி வந்த நாய் வழக்கம்போல ஆவுடையப்பனை நோக்கி ஓடிவந்தது. எட்டடி தூரத்தில் நின்றது. மூக்கைச் சுருக்கியது. மூன்று முறை தும்மியது. முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, பின்வாங்கிப் போய், பெஞ்சுக்கு அடியில் படுத்துவிட்டது.

நால்வரும் கூடிப் பேசினார்கள். ஆவுடையப்பன் முகம் செத்துப் போயிருந்தது.

"மறுபடியும் நம்மளக் கண்டு பயப்படுதா அண்ணாச்சி?"

"பயமில்ல. வால் ஆடுது" என்றார் செண்பகராமன், நோட்டைப் பார்த்து. "மூக்குலதான் ஏதோ கோளாறு. ஊசி ஒத்துக்கலையோ என்னவோ."

"ஆமா" என்றார் தளவாய்.

"அப்பம் உடனே டாக்டரம்மாட்டக் காட்டிருவோமா?" என்று ஆவுடையப்பன் எழுந்து நாயைத் தூக்கப் போனான்.

கோமதிநாயகம் அவன் தோளில் கைவைத்து நிறுத்தினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"காட்டணும்தான். ஆனா ஆறு நாளாக் குளிக்காம, ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள எப்படி வே போறது?"